விராலுக்கு ரப்பர் தவளை

டீயைக் குடிச்சுக்கிட்டே கேளுங்க. பர்கூர் மலையில் நல்ல மழை பெய்து வறட்டுப்பள்ளம் அணை வழிந்தால், அந்தத் தண்ணீர் கெட்டிசமுத்திரம் ஏரி, அந்தியூர் பெரிய ஏரி என்று நிரப்பிக்கொண்டே வரும். கரையோரம் பாசியும் கோரையும் தழைத்தபின் விரால் தூண்டிலுக்கு நேரம் வந்துவிடும். ஏரி மீன் குத்தகைக்குப் போயிருக்கும்; குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்க.

விரால் துரத்தித் திரிகிற மீன் இல்லை. பாசிக்கடியில் அசையாமல் கிடக்கும். மேலே தவளை தாவினால் ஒரே பாய்ச்சல். செவுளை மட்டும் நம்பி அது பிழைக்க முடியாது, அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். அந்தக் குமிழிதான் நமக்கு அடையாளம்.

முன்பெல்லாம் உயிர்த் தவளையை முள்ளில் கோப்பார்கள். இப்போது மெத்தென்ற பிளாஸ்டிக் தவளை. இந்த வழிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்து நிக் கிரீம். 1949இல் வீட்டு அடுப்பிலேயே பிளாஸ்டிக்கைக் காய்ச்சி மண்புழு வார்த்தார். அங்கே அதற்கு விழுவது பாஸ் மீன்; அதுவும் விராலைப் போலப் புல்லுக்குள் பதுங்கி அடிப்பதுதான்.

மென்மை எதற்கு என்றால், வாயில் கடினமாகத் தட்டுப்படுவதை மீன் சட்டென்று துப்பிவிடும். மெத்தென்றிருந்தால் சற்று நேரம் கவ்வி வைத்திருக்கும். தவளையில் இன்னொரு நுட்பமும் உண்டு. உள்ளே வெறும் கூடு. இரட்டை முள் மேல்நோக்கி முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் பாசியில் அதிகம் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வி அமுக்கினால் உடம்பு சப்பையாகி முள் வெளியே நீட்டும்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். 'தொபக்' என்று தண்ணீர் தெறித்ததும் இழுத்துவிடுகிறார்கள். தவளை மட்டும் பறந்து வருகிறது. பொறுங்க. பாரம் கையில் தெரிந்தபின் ஓங்கி இழுங்க. நைலான் தங்கூசி நீண்டு கொடுக்கும். பாசிக்குள் பின்னல் நூல்தான் உத்தமம்.

கிழிந்த தவளையை ஏரியில் வீசாதீங்க, அது மட்காது. சிவந்த குஞ்சுகள் கூட்டமாக மேலே நெளிந்தால், பக்கத்திலேயே பெரிய விரால் காவல் நிற்கும். அப்போது எதை எறிந்தாலும் பாயும். பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரையாகும். அந்த இடத்தில் தூண்டில் போடாமல் நகர்ந்துவிடுங்க.