மெஷினை வாங்காதவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் நஷ்டம்: சிப் நிறுவனங்கள் சறுக்கியது எங்கே?

சூலூரிலும் பல்லடத்திலும் தலா 100 ஏக்கரில் செமிகண்டக்டர் இயந்திர உற்பத்திப் பூங்கா அமையும் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்தது. கவனிக்க, இங்கே சிப் தயாரிக்கப் போவதில்லை. சிப் தயாரிக்கிற மெஷின்களும் பாகங்களும்தான் இலக்கு. ‘ஏனுங்க, நேரா சிப்பையே பண்ணிடலாமே?’ என்று தோன்றலாம். உலகின் பெரிய கம்பெனிகளே அதில் எப்படிக் காசை விட்டன என்று பார்த்தால் காரணம் புரியும்.

பணம் போட்டது இன்டெல், முந்தியது டிஎஸ்எம்சி

நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் இயுவி என்ற மெஷினை உருவாக்கிக்கொண்டிருந்தது. சிலிக்கான் தட்டில் மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் அச்சடிக்கும் மெஷின் இது. 2012-ல் ஏஎஸ்எம்எல்லின் பங்குக்கும் ஆராய்ச்சிக்குமாக இன்டெல் சுமார் 410 கோடி டாலர் ஒதுக்கியது. போட்டியாளர்களான டிஎஸ்எம்சியும் சாம்சங்கும் சேர்ந்தன. ஆனால் அதிகம் போட்டது இன்டெல்தான்.

அப்போது இயுவி ஒழுங்காக ஓடவில்லை. அதனால் 10 நானோமீட்டர் சிப்பைப் பழைய மெஷினிலேயே, ஒரே அடுக்கைப் பலமுறை அச்சடித்து எடுத்துவிடலாம் என்று இன்டெல் கணக்குப் போட்டது. திருப்பூர் பிரிண்டிங் யூனிட்களில் இருப்பவர்களுக்கு இதன் வலி தெரியும். ஸ்கிரீன் மாற்ற மாற்ற, ஒரு நூல் விலகினாலும் பீஸ் ரிஜெக்ட். 2016 வாக்கில் வர வேண்டிய சிப், பெருமளவில் சந்தைக்கு வந்தது 2019-ல். அதே ஆண்டு டிஎஸ்எம்சி இயுவியில் உற்பத்தியையே தொடங்கிவிட்டது.

2024-ல் இன்டெல்லின் நிகர நஷ்டம் சுமார் 1,880 கோடி டாலர். எல்லாமே இந்த ஒரு தப்பால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இயுவியைத் தள்ளிப்போட்டது தவறுதான் என்று அப்போதைய தலைவர் பேட் கெல்சிங்கரே ஒப்புக்கொண்டார்.

சரி, முந்திக்கொண்டு வாங்கியிருந்தால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. மின்வாகனங்களுக்கான சிலிக்கான் கார்பைடு சிப் செய்யும் அமெரிக்காவின் உல்ஃப்ஸ்பீட், கிராக்கி கூடும் என்று நம்பி நியூயார்க் மாநிலத்தில் 2022-ல் பெரிய ஆலை திறந்தது. மின்வாகன விற்பனை எதிர்பார்த்த வேகத்தில் ஏறவில்லை. சீன நிறுவனங்கள் விலையையும் உடைத்தன. 2025 ஜூனில், 600 கோடி டாலருக்கு மேல் கடனோடு நீதிமன்றத்தில் திவால் மனு போட்டது.

சோமனூர் பக்கம் 30 வருடத் தறி இன்னும் ஓடும். சிப் மெஷினுக்கு அந்த ஆயுள் கிடையாது. டிஎஸ்எம்சி தன் இயந்திரங்களின் மதிப்பை 5 ஆண்டுகளில் கழித்துவிடுகிறது. அதற்குள் ஆப்பிள் மாதிரி பெரிய வாடிக்கையாளர் கையில் இருந்தால்தான் முதல் திரும்பும்.

நம்மூர் ஜோஹோவும் சுமார் 70 கோடி டாலர் சிப் திட்டத்தை 2025 மே மாதம் கைவிட்டது. தொழில்நுட்பப் பாதையில் போதிய நம்பிக்கை வராமல் மக்கள் வரிப்பணத்தை வாங்க வேண்டாம் என்பது ஸ்ரீதர் வேம்பு சொன்ன காரணம். கைவிட்டதிலேயே நல்ல முதலீட்டு முடிவு இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

கொங்குக்கு என்ன கணக்கு?

தமிழ்நாடு செமிகண்டக்டர் இயக்கத்துக்கு 5 ஆண்டுகளுக்கு ஒதுக்கியது 500 கோடி ரூபாய். ஒரே ஒரு இயுவி மெஷினின் விலை ஆயிரம் கோடியைத் தாண்டும்! ஆகவே பம்ப், மோட்டார், வார்ப்படம், நூற்பு இயந்திரம் என்று பழகிய கைகளை வால்வு, வெற்றிட அறை, துல்லிய பாகங்கள் பக்கம் திருப்புவது நியாயமான யோசனை. இன்டெல் ஜெயித்தாலும் டிஎஸ்எம்சி ஜெயித்தாலும் பாகம் வேண்டும்.

அதற்காக ரிஸ்க் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் மாக்டெபர்க்கில் திட்டமிட்டிருந்த 3,000 கோடி யூரோ ஆலையை இன்டெல் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஆலை நின்றால் மெஷின் ஆர்டரும் நிற்கும். தவிர, ஒரு பாகம் தரச் சோதனைகளைத் தாண்டி முதல் ஆர்டராக மாறுவதற்குள் மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஓடிவிடும். புது சிஎன்சிக்கும் கிளீன் ரூமுக்கும் வாங்கிய கடனுக்குத் தவணையோ முதல் ஆர்டர் வரும்வரை காத்திருக்காது. சூலூரில் பத்துப் பேரை வைத்து லேத் ஓட்டுபவர் பூங்கா அதிகாரிகளிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்த இடைவெளியை யார் தாங்குவது?