ஜெர்மன் எம்.ஏ.வை எதைக்கொண்டு அளப்பது?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் ஜெர்மன் மொழி இன்று பெரும்பாலும் வேலைவாய்ப்புக்கான மொழியாகவே அறியப்படுகிறது; செவிலியர் பணிக்கும், கல்விக் கட்டணம் பெரும்பாலும் வாங்காத ஜெர்மானிய அரசுப் பல்கலைக்கழகங்களில் மேற்படிப்புக்கும் செல்ல விரும்புவோர் அதற்குரிய சான்றிதழ்களைத் தேடிப் பயிற்சி மையங்களுக்குச் செல்கின்றனர். அச்சான்றிதழ்களின் தரம் குறித்து யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் கற்பவர் எதையெல்லாம் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்று வரையறுத்துவிட்டதால், பி1 என்றால் சென்னையிலும் பெர்லினிலும் பொருள் ஒன்றே. ஜெர்மன் மொழியையும் இலக்கியத்தையும் பாடமாகக் கொண்ட எம்.ஏ. பட்டத்துக்கு அத்தகைய பொது அளவுகோல் இந்தியாவில் இல்லை. ஆசிரியராகவோ மொழிபெயர்ப்பாளராகவோ ஆய்வாளராகவோ விரும்பி, டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தையோ ஐதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தையோ நோக்கும் மதுரை மாணவர், எந்தப் படிப்பு நல்லது என்பதைப் பெரும்பாலும் பெயரையும் பேச்சையும் நம்பியே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1994-இல் தொடங்கப்பட்டதும், கல்லூரி வட்டாரங்களில் ‘நாக்’ என்று அழைக்கப்படுவதுமான தேசிய தர மதிப்பீட்டுக் குழு இருக்கிறதே என்று கேட்கலாம். அக்குழு ஏழு அளவுகோல்களின்படி மதிப்பிடுவது ஒரு நிறுவனத்தை முழுமையாகவே; அதற்குள் நடக்கும் ஒரு படிப்பைத் தனியாக அல்ல. படிப்புகளைத் தனித்தனியே ஆராயும் தேசியத் தரச்சான்று வாரியம் பொறியியல், மேலாண்மை, மருந்தியல் போன்ற தொழிற்படிப்புகளோடு நின்றுவிடுவதால், மொழி எம்.ஏ. எதுவும் அதன் பார்வைக்கு வருவதில்லை. ஒட்டுமொத்த மதிப்பெண் எவ்வளவு சொல்லும், எவ்வளவு சொல்லாது என்பதற்கு உள்ளூரிலேயே சான்று இருக்கிறது: 1966-இல் நிறுவப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 2021-இல் நாக் குழுவின் உச்ச மதிப்பான ஏ++ பெற்றது, அடுத்த சில ஆண்டுகளிலேயே ஊதியமும் ஓய்வூதியமும் தாமதமாவதாக அதன் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினர். மதிப்பெண் பொய் என்பதல்ல இதன் பொருள். பல துறைகளைக் கூட்டிச் சராசரி காணும் கணக்கில் ஒரு சிறு துறையின் நிலைமை தென்படாது என்பதே.

ஜெர்மனியில் வழி வேறு. ஐரோப்பியப் பட்டங்களை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்த 1999-ஆம் ஆண்டின் போலோஞ்ஞா உடன்பாட்டுக்குப் பின், அங்கே ஒவ்வொரு பட்டப்படிப்பும் தனியாகவோ, பல்கலைக்கழகத்தின் ஏற்பு பெற்ற உள்தணிக்கை முறை வழியாகவோ தரச்சான்று பெற வேண்டும். அத்துறைப் பேராசிரியர்களோடு தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும் ஒரு மாணவரும் உறுப்பினராக அமரும் குழு பரிசீலிக்கிறது. சான்று எட்டு ஆண்டுகளுக்குச் செல்லும். அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் இன்னும் லட்சியமான ஒன்றை முயன்றது. 2010-இல் அது வெளியிட்ட அறிக்கை 62 துறைகளில், 212 பல்கலைக்கழகங்களின் 5,000-க்கு மேற்பட்ட முனைவர் பட்டப் படிப்புகளை ஒப்பிட்டது. ஜெர்மன் மொழியும் இலக்கியமும் அத்துறைகளுள் ஒன்று. இன்ன படிப்புக்கு இன்ன இடம் என்று அறுதியிடாமல், எட்டு முதல் இருபத்திரண்டு வரை என்பதுபோல ஒரு வீச்சாகவே இடத்தைக் குறித்தது அதன் நேர்மை. 2006-இல் திரட்டிய தரவுகள் நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்தது அதன் பலவீனம். மேற்கோள் எண்ணிக்கை கலைப்புலத் துறைகளுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கி, ஒரு நூலை ஐந்து கட்டுரைகளுக்கு இணையாகக் கணக்கிட்டதையும் குறிப்பிட வேண்டும். 

எனினும் இவற்றுள் எதுவும் ஒரு மாணவர் எங்கே நுழைந்தார், எங்கே வெளியேறினார் என்று நேரடியாகக் கேட்பதில்லை. இந்தியச் சூழலில் முதலில் கேட்கவேண்டியது அதுதான். ஜெர்மானிய மாணவர் தாய்மொழியில் இலக்கியம் படிக்க வருகிறார். மதுரை மாணவரோ அகர வரிசையிலிருந்து தொடங்குகிறார். சி1 படியை எட்ட 45 நிமிடப் பாடவேளைகள் 800 முதல் 1,000 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழியைப் பயிற்றும் கோத்தே நிறுவனத்தின் பொதுக் கணிப்பு. இளங்கலையிலிருந்தே மொழியைப் பயிற்றும் டெல்லியின் ஏற்பாடு இந்தத் தூரத்தைக் கணக்கில் கொண்டது. மாறாக, பி1 அளவில் ஒருவரைச் சேர்த்து, நான்கு பருவங்களில் கோத்தேயையும் காஃப்காவையும் மொழியியலையும் கற்பித்துவிட்டதாகச் சொல்லும் படிப்பு, பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தி, குறிப்புகளை மனப்பாடம் செய்ய வைத்தே அதைச் சாதிக்க முடியும்.

இதைக் கண்டுபிடிக்கக் குழுவெல்லாம் வேண்டியதில்லை, பழைய வினாத்தாள்கள் போதும். ‘புனைவியல் இயக்கத்தின் இயல்புகளை விளக்குக’ என்ற வினா ஆண்டுதோறும் சொல் மாறாமல் வருகிறதென்றால், அதற்கு விடையெழுத ஒரு ஜெர்மன் கதையைக்கூடத் திறக்க வேண்டியதில்லை. வகுப்பில் நடத்தாத காஃப்கா பக்கம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்து, வினைச்சொல்லைக் கடைசிவரை தள்ளிப்போடும் அந்நீண்ட வாக்கியங்களில் சொல்பவரின் நிலை எங்கே மாறுகிறது என்று ஜெர்மனிலேயே எழுதச் சொல்லும் வினாத்தாள் வேறு இனம். அதைத் திருத்தவும் ஆள் வேண்டும் என்பதால், ஆசிரியர் கணக்கும் இத்துடன் சேர்ந்தே வரும்: நிரந்தரப் பணியிடங்கள் எத்தனை, அவற்றுள் நிரம்பியவை எத்தனை, பருவத்துக்குப் பருவம் மாறும் கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர். சிறிய துறையின் உயிர் ஓரிரு பணியிடங்களில் இருக்கிறது. கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பிரிவு நிதியின்றி மூடப்படும் நிலைக்கு வந்தபோது, புலம்பெயர் தமிழர்களின் நன்கொடையும் தமிழ்நாடு அரசின் உதவியும் காக்க முயன்றது கட்டடத்தை அல்ல, ஆசிரியப் பணியிடத்தையே.

தமிழ்நாட்டில் கற்பிக்கப்படும் ஜெர்மன் படிப்புக்கு டெல்லிக்கும் பெர்லினுக்கும் பொருந்தாத இன்னோர் அளவுகோலும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கும் அவருக்குப் பின் வந்தோரும் தமிழகத்தைப் பற்றி எழுதியவை ஹாலே நகரத்துப் பிராங்கே அறநிலையத்தில் குவிந்திருக்கின்றன. மிஷன் அறிக்கைகள் 1710 முதலே அச்சேறின. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு எழுதி முடித்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சானது. திருக்குறளை கார்ல் கிரௌல் 1856-இல் ஜெர்மனில் வெளியிட்டார். இவற்றைப் படிக்க சி1 சான்றிதழ் மட்டும் உதவாது. பழைய பிராக்டூர் அச்சில் சொல்லின் நடுவே வரும் நீண்ட ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலத் தோன்றும். குர்ரென்ட் என்னும் கையெழுத்தில் ‘இ’ என்ற எழுத்தை ‘என்’ என்று படித்துவிடுவது புதியவர்களுக்கு வழக்கம்.

இந்த எழுத்துகளைப் படிக்கக் கற்று, தரங்கம்பாடிக் கடிதம் ஒன்றின் சில பக்கங்களை ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழாக்கி, குறிப்புகளோடு அளிக்கும் ஆய்வேடு, ஜெர்மனியில் உள்ளவர்கள் எளிதில் செய்யமுடியாத வேலை; காஃப்காவும் ஹெஸ்ஸேவும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வந்திருக்கும் நிலையில், அரிய வேலையும்கூட. மூலத்தையும் தமிழையும் அருகருகே வைத்துப் பார்க்கும் புறத்தேர்வாளருக்கு, அந்தத் துறை எதைக் கற்பித்தது என்பது ஒரே அமர்வில் தெரிந்துவிடும். அத்தகைய மதிப்பீட்டுக் குழுவில் ஜெர்மன் பேராசிரியரோடு தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவருக்கும் இருக்கை போட வேண்டியிருக்கும். இப்போதைய படிவங்களில் அதற்கு இடமில்லை.