உடல் ஒன்று, தலை வேறு... ஹோண்டா இன்ஜினில் ஒரு 'பிள்ளையார்' வித்தை!

பார்க்க ஒரே உலோகக் கட்டி மாதிரி இருந்தாலும், கார் இன்ஜின் என்பது இரண்டு அடுக்கு. கீழே, பிஸ்டன்கள் ஏறி இறங்கும் 'பிளாக்'. அதன்மேல் மூடி மாதிரி உட்காரும் 'ஹெட்'. காற்றும் பெட்ரோலும் உள்ளே போவதும், எரிந்த புகை வெளியே வருவதும் ஹெட்டில் இருக்கும் வால்வுகள் வழியாகத்தான்.

சரி, ஒரு இன்ஜினின் பிளாக்கில் இன்னொரு இன்ஜினின் ஹெட்டைத் தூக்கி வைத்தால்? அமெரிக்காவில் இந்த மாதிரி ஒட்டு இன்ஜினுக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்று செல்லப்பெயர். நமக்குப் பிள்ளையார் கதைதான் ஞாபகம் வரும். இதில் உலகப் புகழ் பெற்றது, ஹோண்டாவின் 'எல்.எஸ் வி-டெக்'. கம்பெனி செய்ததல்ல, கார் பைத்தியங்கள் ஷெட்டில் செய்தது!

பெரிய நெஞ்சு, சின்ன மூக்கு

1989-ல் ஜப்பானில் இன்டெக்ரா காரில் பி16ஏ என்ற இன்ஜினைக் கொண்டுவந்தது ஹோண்டா. வெறும் 1.6 லிட்டர்தான். டர்போ கிடையாது. ஆனால் 160 குதிரைத்திறன்! காரணம், வி-டெக். நடக்கும்போது மூக்கால் மூச்சு விடுகிறோம். ஓடும்போது வாயையும் திறந்துவிடுகிறோம் இல்லையா? அதேதான். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது வால்வுகள் அளவாகத் திறக்கும். வேகம் ஏறியதும், ஆயில் அழுத்தத்தால் ஒரு சின்ன பின் நகர்ந்து, வால்வுகளை அதிக நேரம், அதிக ஆழம் திறக்கும் வேறொரு கேம் வேலைக்கு வந்துவிடும்.

அதே குடும்பத்தில் பி18பி என்று ஓர் அண்ணன் உண்டு. அமெரிக்காவில் இன்டெக்ரா எல்.எஸ் மாடலில் வந்தது. 1.8 லிட்டர், ஆனால் வி-டெக் இல்லை. சுமார் 140 குதிரைத்திறன்தான். நெஞ்சு பெரிசு, மூக்கு சின்னது.

1.8 லிட்டரும் வி-டெக்கும் சேர்ந்த இன்ஜினை ஹோண்டாவே விற்றது. ஜி.எஸ்.ஆர் மாடலில் 170, டைப் ஆர் மாடலில் 195 குதிரைத்திறன். ஆனால் அவை விலை அதிகம். எல்.எஸ் பிளாக்கோ பழைய கார் உடைக்கும் இடங்களில் மலிவாகக் கிடைத்தது. கை அரிக்காதா பசங்களுக்கு? இரண்டுக்குமே சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர். அதனால் பி16ஏ தலை எல்.எஸ் உடலில் உட்கார்ந்தது.

உட்கார்ந்தால் போதுமா?

போதாது. எல்.எஸ் பிளாக்குக்கு வி-டெக் என்றால் என்னவென்றே தெரியாது. அந்த பின்னை நகர்த்தத் தேவையான ஆயில் மேலே போக, பிளாக்கில் வழியே இல்லை. எனவே பிளாக்கின் பின்பக்கம் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் இடத்தில் ஒரு 'டி' இணைப்பு போட்டு, வெளியே தனி ஹோஸ் இழுத்து ஹெட்டுக்கு ஆயில் கொடுப்பார்கள். ஹெட்டின் அடியில் இருக்கும் பழைய ஆயில் துளையை அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது களிமண் வேலை. நிஜமாகத்தான்! வி-டெக் கேம் வால்வை ஆழமாகத் தள்ளும். அது கீழிருந்து வரும் பிஸ்டனில் முட்டினால் இன்ஜின் காலி. எனவே பிஸ்டன் தலையில் விளையாட்டுக் களிமண்ணை அப்பி, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் சுற்றிவிட்டு, மறுபடி கழற்றிப் பார்ப்பார்கள். வால்வு பதிந்த இடத்தில் எவ்வளவு களிமண் மிச்சமோ, அவ்வளவுதான் இடைவெளி.

இதெல்லாம் சரியாக முடிந்தால் வண்டி பறக்கும். ஆபத்து அதற்கப்புறம்தான்.

பி16ஏ பிஸ்டன் ஒரு தடவைக்கு 77.4 மில்லிமீட்டர் பயணிக்கும். எல்.எஸ் பிஸ்டன் 89 மில்லிமீட்டர். புதுத் தலை, 8,000 ஆர்.பி.எம் வரை போகச் சொல்லி ஆசை காட்டும். அந்த வேகத்தில் எல்.எஸ் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 24 மீட்டர்; ஒவ்வொரு நொடியும் 266 தடவைக்கு மேல் நின்று திரும்ப வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் விழுவது கனெக்டிங் ராடைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் மேல். எல்.எஸ் போல்ட்டுகள் இதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல. ஒன்று அறுந்தால் போதும், ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் விவரமானவர்கள் முதலில் ராட் போல்ட்டை மாற்றிவிட்டுத்தான் ஹெட் பக்கமே போவார்கள். மலிவு என்று ஆரம்பித்த வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்!

கம்பெனியே செய்த கலப்பு

இதை ஷெட் பசங்களின் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் டிரான்ஸ்-ஆம் ரேஸுக்கு, இன்ஜின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. 1967-ல் செவர்லே என்ன செய்தது தெரியுமா? தன்னுடைய 327 இன்ஜினின் 4 அங்குல சிலிண்டர் அளவையும், 283 இன்ஜினின் 3 அங்குல ஸ்ட்ரோக்கையும் சேர்த்தது. விடை, 302! அதுதான் கமாரோ இசட்/28. முதல் வருடம் விற்றது 602 கார்கள்தான். ஆனால் 1968, 1969 இரண்டு வருடமும் டிரான்ஸ்-ஆம் பட்டம் செவர்லேவுக்கு. ஹோண்டா ஷெட்டில் நடந்ததற்கு இது நேர் எதிர்: குறைந்த ஸ்ட்ரோக், அதனால் அதிக ஆர்.பி.எம்மைத் தாங்கும் உடம்பு.

நம்ம ஊரில் செய்யலாமா?

ரோட்டில் ஓடும் வண்டியில் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

செகண்ட் ஹேண்டில் 'செம பிக்-அப்' என்று யாராவது கார் காட்டினால் ஒரு விஷயம். ஆர்.சி.யில் இருக்கும் இன்ஜின் எண் பெரும்பாலும் பிளாக்கில்தான் அடிக்கப்பட்டிருக்கும். தலை மாறியிருந்தாலும் எண் அப்படியேதான் இருக்கும். எண் சரியாக இருக்கிறது என்று நிறுத்திக்கொள்ளாமல், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய் பானெட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.