கீபோர்டா, கணினியா? கடன் பணத்தைத் தொடுமுன் யோசிப்போம்

"அண்ணே, பிடிபிடிஎன் பணம் வந்திருச்சு. சீக்குவென்சர் உள்ள பெரிய கீபோர்டு ஒன்னு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லா இருக்கும்?"

பத்து பாகாட், பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் மலேசியா பல்கலைக்கழகத்தில் என்னுடன் படிக்கும் முதலாண்டு மாணவர் ஒருவர் சென்ற மாதம் இப்படிக் கேட்டார். "இப்போதைக்கு எதுவும் வாங்காதே, தம்பி" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனால், பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொன்னேன்.

சீக்குவென்சர் என்ன செய்கிறது?

நாம் வாசிப்பதைப் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மீண்டும் ஒலிக்கச் செய்யும் வசதிதான் சீக்குவென்சர். அது ஒலியைப் பதிவதில்லை. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு விசையுடன் அழுத்தினோம் என்ற குறிப்பை மட்டுமே பதிகிறது. அந்த விசைக்கு 0 முதல் 127 வரை எண் உண்டு. இக்குறிப்புகளுக்கான பொதுமொழி 1983இல் அறிமுகமான மிடி. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் இன்னொன்றுடன் பேச முடிவது இதனால்தான். 1986இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினி இசையைக் கையாண்டபோது அது புதுமை. இன்று அதே வேலைக்கு நம் மடிக்கணினி போதும்.

ஓர் இரவுப் பாடம்

ஐந்தாம் படிவத்தில் பள்ளி நாடகத்திற்குப் பின்னணி இசை அமைத்தேன். அப்பா வாங்கித் தந்த கீபோர்டில் ஆறு தடங்கள் பதியலாம்; ஐந்து பாடல்களைச் சேமிக்கலாம். நாடகத்திற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு காட்சியை 20 விநாடி குறைக்கச் சொன்னார் ஆசிரியர். அந்தக் கருவியில் இடையே வெட்ட வழியில்லை. எல்லாத் தடங்களையும் முதலிலிருந்து வாசித்தேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் தவறான எண்ணில் சேமித்ததில், அம்மாவுக்காக நான் அமைத்திருந்த முதல் மெட்டு அழிந்துபோனது. அதற்குப் பிரதி எதுவும் இல்லை.

அச்சுப்பொறிக்குப் பயன்படும் சாதாரண யுஎஸ்பி கேபிள் அதே கீபோர்டைக் கணினியுடன் இணைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருளைப் பதிவிறக்கினேன். ஒவ்வொரு சுரமும் திரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. தவறிய ஒரு சுரத்தை மட்டும் நகர்த்தலாம். 20 விநாடியை வெட்டலாம். பிரதி எடுத்து வைக்கலாம். உலாவியிலேயே இயங்கும், சிங்கப்பூரைச் சேர்ந்த பேண்ட்லேப்பும் இலவசமாகக் கிடைக்கிறது.

கணினியிலும் குறை உண்டு

கட்டையை அழுத்திச் சற்றுத் தாமதித்தே கணினியில் ஒலி கேட்கும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் ஓடும்போது, இடைநினைவை 1,024 மாதிரிகளாக வைத்தால் அதுமட்டுமே சுமார் 23 மில்லிவிநாடி தாமதம். 256ஆகக் குறைத்தால் சுமார் 6. இன்னும் எளிய வழியும் உண்டு: பதியும்போது கணினியின் ஒலியை அடக்கிவிட்டு, கீபோர்டின் ஒலிபெருக்கியிலேயே கேளுங்கள்.

இரண்டாவது குறை, தாளத்தைத் தானாகவே சீராக்கும் 'குவான்டைஸ்' பொத்தான். கோயில் திருவிழாக்களில் உறுமி வாசித்த என் தாத்தாவிடம் அப்படிச் சீராக்கிய மெட்டைப் போட்டுக் காட்டினேன். "கடிகாரம் மாதிரி ஓடுதுப்பா, ஆள் வாசிச்ச மாதிரி இல்லையே" என்றார். அன்றிலிருந்து தவறிய இடத்தை மட்டும் திருத்துகிறேன்.

மேடையில் வாசிப்பவருக்கு, சுவிட்சைப் போட்டதும் தயாராகும் கீபோர்டு சீக்குவென்சர் இன்றும் நல்ல துணை. மனதில் தோன்றிய மெட்டைச் சட்டென்று பதியவும் அது உதவும். ஆனால் பாடலைச் செதுக்கக் கணினியே வசதி.

அந்தத் தம்பி வீட்டிலிருந்த பழைய கீபோர்டைக் கேபிளில் இணைத்து, போன வாரம் ஒரு நிமிட மெட்டை எனக்கு அனுப்பினார். தொடக்கத்தில் தாளம் தப்பியிருந்தது. நான் சொல்வதற்கு முன்பே, "நாலாவது சுரம் முந்திருச்சுண்ணே, பாத்துட்டேன்" என்று செய்தி வந்தது.

கல்விக் கடனை நாம்தான் திருப்பிக் கட்ட வேண்டும். கருவி வாங்குமுன், கையில் இருப்பதில் ஒரு பாடலையாவது முடித்துப் பாருங்கள், நண்பர்களே. எது உண்மையிலேயே தேவை என்பதை அந்தப் பாடலே சொல்லிவிடும்.