கருவி வந்தது, கதவு திறந்ததா?

காசநோய் என்றதும், "அது ஏழைக்கு வரும் வியாதி" என்று பெருமூச்சு விட்டுப் போகிறவர்கள் இன்னும் உண்டு. உண்மைதான். காற்றுப் புகாத ஒற்றை அறையையும், அரை வயிற்றுக் கஞ்சியையும், தூசி பறக்கும் பட்டறையையும் தேடித்தான் அந்த நோய் வருகிறது. ஆனால் ஏழைக்கு வரும் நோய்க்கு, ஏழைக்கு எட்டாத வைத்தியம் என்பது எந்த ஊர் நியாயம்?

1882-ல் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டறிந்து சொன்னார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளின் பெரும் துணை மைக்ராஸ்கோப்தான். சளியில் கிருமி மிகுந்திருந்தால்தான் அதன் கண்ணில் படும். அந்தக் கிருமி மருந்துக்கு அடங்குமா என்றறிய, அதை வளர்த்துப் பார்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வீட்டிலுள்ள குழந்தைக்கும் இருமல் தொற்றிவிடும்!

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட ஜீன்எக்ஸ்பர்ட் கருவி, சளியிலுள்ள கிருமியின் மரபுப் பொருளை ஆராய்ந்து, காசம் உண்டா, ரிபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்ற இரண்டையும் இரண்டே மணி நேரத்தில் சொல்கிறது. கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பாட்டரியிலேயே ஓடும். மின்சாரம் தடுமாறும் சிற்றூருக்கும் அதைக் கொண்டு போகலாம். மருந்துக்கு அடங்காத காசத்துக்கு ஒன்றரை, இரண்டு ஆண்டு வைத்தியம் செய்தார்கள். போட்ட ஊசியால் காது கேளாமற்போனவர்கள் பலர். இன்று பெடாகுயிலின் முதலிய மாத்திரைகளால் ஆறு மாதத்தில் முடிக்கும் முறையை 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2024-ல் இந்திய அரசும் அனுமதித்தது.

விஞ்ஞானம் தன் வேலையைச் செய்தது. வணிகம் என்ன செய்தது? பெடாகுயிலின் மீது கொண்டிருந்த ஏகபோகத்தை 2027 வரை நீட்டிக்க, ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி இந்தியாவில் மற்றுமொரு காப்புரிமை கேட்டது. எதிர்த்து மனுச் செய்தவர்கள் யார்? கொடிய காசத்திலிருந்து மீண்ட இரண்டு பெண்கள்! 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையைத் தள்ளியது. நோயாளி வாய் திறந்தான், கதவும் திறந்தது.

இன்னொரு பாடம் நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் தொடங்கி 1959-ல் முடிவு வெளிவந்த ஆராய்ச்சி அது. நல்லுணவும் ஓய்வும் பெற்ற சானடோரியம் நோயாளிகளையும், நெருக்கடியான வீட்டிலிருந்தே மாத்திரை தின்ற ஏழைகளையும் ஒப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வேற்றுமை இல்லை! உலகமே வைத்திய முறையை மாற்றிக்கொண்டது. வைத்தியம் ஏழையின் வாசலுக்கு வர முடியும் என்று நாட்டிய மண் இது.

ஆகவே நாம் கேட்கிறோம். கருவியை வாங்கி வைத்தால் போதுமா? அதில் போடும் குப்பி தீர்ந்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. சோதனைக்கு வருகிற நாளில் கூலி போகிறதே, அதற்கு வழி என்ன? காச நோயாளியின் உணவுக்கென 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். நல்லது, அது தவறாமல் மாதாமாதம் கைக்கு வர வேண்டாமா?

தோழர்களே! இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் தொழிலாளியைக் கண்டால், "நாளை பார்க்கலாம்" என்று விடாதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே சோதனை இலவசம். கருவி இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். கேட்கிறவன் இருக்கும் ஊரில்தான் கருவியும் ஓடும்.