அரியலூர் விபத்தும் அதிகாரப் பிரிவினையும்

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். அதைச் செயல்படுத்துவது அரசு. வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வது நீதிமன்றம். அதிகாரப் பிரிவினையின் அடிப்படை இதுதான். அமெரிக்காவில் அதிபர் காங்கிரஸ் சபையின் உறுப்பினராக இருக்க முடியாது. இந்தியாவிலோ அமைச்சர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்தாக வேண்டும். ஆகவே இங்கே நாடாளுமன்றத்துக்கும் அரசுக்கும் நடுவில் மதில் கிடையாது. அரசு அவையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமைதான் கடிவாளம். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்கிறது அரசியலமைப்பின் 75ஆவது பிரிவு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அரியலூர் காட்டியது. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து சென்ற தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. மழை வெள்ளம் பாலத்தைச் சிதைத்திருந்தது. 140 பேருக்கு மேல் இறந்தனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதும் விலக முன்வந்தவர் அவர்; அப்போது நேரு ஏற்கவில்லை. இம்முறை ஏற்றார். சாஸ்திரி மீது குற்றமில்லை, ஆனாலும் அரசியலமைப்பு மரபுக்கு இது முன்னுதாரணமாகட்டும் என்று மக்களவையில் விளக்கினார். விபத்து நடந்தால் அமைச்சர் விலக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த விலகல் இன்றும் அளவுகோலாக நிற்கிறது.

விபத்தை விசாரிப்பவர் யார் என்பதும் முக்கியம். ரயில்வே ஆய்வாளர்கள் 1941லேயே ரயில்வே வாரியத்தின் பிடியிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களின் இடத்தில் வந்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறார்கள். ரயில்வேயின் தவறை ரயில்வேயே விசாரித்தால் உண்மை வெளிவருவது கடினம் என்பதால், அரசுக்குள்ளேயே போடப்பட்ட பிரிவினை இது.

நீதிமன்றத்தின் பங்கைப் பார்க்கப் பக்கத்து ஊருக்கு வரலாம். பெரம்பலூரிலிருந்து 1996, 1999, 2004 தேர்தல்களில் மக்களவைக்குச் சென்ற ஆ. இராசா, பின்னர் தொலைத்தொடர்பு அமைச்சரானார். 2008இல் 2ஜி உரிமங்கள் வழங்கப்பட்ட முறையைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010இல் குறைகூறினார். முதலில் வந்தவருக்கு முன்னுரிமை என்ற முறை நியாயமானதல்ல என்று சொல்லி, 122 உரிமங்களை 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

குற்ற வழக்கு தனியாக நடந்தது. 2017 டிசம்பர் 21 அன்று இராசா உள்ளிட்ட அனைவரையும் தனி நீதிமன்றம் விடுவித்தது, சி.பி.ஐ. மேல்முறையீடு செய்தது. உரிம ரத்தையும் குற்ற வழக்கையும் குழப்பிக்கொள்வோர் இன்றும் அதிகம். ஓர் அரசு முடிவு செல்லாது என்பது ஒன்று, ஒருவர் குற்றவாளி என்பது வேறு. பின்னதற்குச் சாட்சியங்கள் வேண்டும். எவ்வளவு பெரிய கொந்தளிப்பும் அந்த இடத்தை நிரப்பாது.

நீதிமன்றத்துக்கும் எல்லை உண்டு. உரிமங்களை ரத்து செய்த தீர்ப்பையடுத்து, இயற்கை வளங்களை எல்லாம் ஏலத்தில்தான் விட வேண்டுமா என்று குடியரசுத் தலைவர் வழியாக மத்திய அரசு கேட்டது. கட்டாயமில்லை, எந்த முறை என்பது அரசின் கொள்கை முடிவு, அது தன்னிச்சையாக இருந்தால் மட்டுமே நீதிமன்றம் தலையிடும் என்று 2012 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே கருத்துரைத்தது.