பவர் மீட்டர் சொல்லாத விஷயம்

ஃபைபர்ல லைட் வருதான்னு பவர் மீட்டர் சொல்லிடும். எப்படி வருதுன்னு சொல்லாது. சிங்கிள் மோட் ஃபைபரோட கோர் சுமார் 9 மைக்ரான். அதில் ஒளி ஒரே வடிவத்தில்தான் பயணிக்கும். மல்டிமோட் கோர் 50 மைக்ரான். அதுல நூற்றுக்கணக்கான வடிவங்கள். ஒவ்வொண்ணும் ஒரு மோட்.

10 ஜிகாபிட் லிங்க்ல ஒரு பிட்டுக்குக் கிடைக்கிறது 0.1 நானோசெகண்ட். மோட்கள் அதைவிட முன்னபின்ன வந்தா, ஒரு பிட் அடுத்த பிட் மேல ஏறிடும். வெளிச்சம் முழுசா வந்திருக்கும், டேட்டா வந்திருக்காது. அதனாலதான் எல்லா மோடும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து சேர்ற மாதிரி, கோரோட ஒளிவிலகல் எண்ணை நடுவிலிருந்து விளிம்பு வரை படிப்படியா குறைச்சிருப்பாங்க.

அது சரியா அமைஞ்சிருக்கான்னு எப்படி அளக்கிறது? ஒரு சிங்கிள் மோட் ஃபைபர் வழியா, மல்டிமோட் கோரோட நடுவுல ஒரு குட்டி லேசர் பல்ஸ் அனுப்பணும். பிறகு விளிம்பை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் அனுப்பணும். இடம் மாற மாற வேற வேற மோட்கள் கிளம்பும். மறுமுனையில் ஒரு வேகமான டிடெக்டர், எது எப்ப வந்ததுன்னு குறிச்சுக்கும். இதுதான் டிஃபரன்ஷியல் மோட் டிலே சோதனை. கோர் நடுவுல சின்னக் குறை இருந்தாலும் இதுல மாட்டிக்கும்.

அடுத்த தடவை கேபிள் மேல ஓஎம்3, ஓஎம்4னு பார்த்தீங்கன்னா, அந்தத் தரத்துக்குப் பின்னாடி இருக்கிறது வெளிச்சக் கணக்கு மட்டும் இல்ல, நேரக் கணக்கும்தான்.